லாந்தனைடு அயனி ஆரங்கள் ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் காண்பது

லாந்தனம் 3+ அயனியின் ஆரம் 103.2 பிகோமீட்டர். லுட்டீசியம் 3+ அயனியின் ஆரமும் 103.2 பிகோமீட்டர். இரண்டு எண்களும் படிக வேதியியலர் ஷானன் 1976இல் வெளியிட்ட ஒரே அட்டவணையில் இருக்கின்றன. இரண்டும் சரியானவை. அப்படியானால் லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான லாந்தனைடு தனிமங்களின் வரிசை முழுவதும் அயனிகள் சுருங்கிக்கொண்டே போகின்றன என்று படித்தோமே, அந்த லாந்தனைடு குறுக்கம் எங்கே?

அது அங்கேயேதான் இருக்கிறது. முதல் எண் ஆறு அண்டை அணுக்கள் சூழ்ந்த லாந்தனத்துக்கு உரியது. இரண்டாவது எண் ஒன்பது அணுக்கள் சூழ்ந்த லுட்டீசியத்துக்கு உரியது. அண்டை அணுக்கள் கூடக்கூட அவை ஒன்றையொன்று நெருக்குகின்றன; ஒவ்வொன்றும் சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது; பிணைப்பு நீள்கிறது; நடுவிலுள்ள அயனி பெரிதாகத் தெரிகிறது. லுட்டீசியத்தின் அணைவு எண், அதாவது அதைச் சூழ்ந்த அண்டை அணுக்களின் எண்ணிக்கை, ஆறிலிருந்து ஒன்பதாகும்போது கூடும் ஆரம் 17.1 பிகோமீட்டர். ஆறு என்ற அணைவு எண்ணிலேயே நின்றுகொண்டு லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை நடந்தால் குறையும் ஆரமும் 17.1. பதினான்கு தனிமங்களின் மொத்தச் சுருக்கத்தை மூன்று அண்டை அணுக்கள் விழுங்கிவிடுகின்றன.

பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்திவருகிறேன். மாணவர்கள் கொண்டுவரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்தில்தான் வேர்விட்டிருக்கின்றன. எனவே கீழே எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும், உங்கள் கையிலுள்ள ஒவ்வோர் எண்ணிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அயனியின் மின்சுமை என்ன? அணைவு எண் என்ன? எந்த அளவுகோலில் எடுத்த எண்? மூன்றுக்கும் விடை தெரியாத எண்ணை வரைபடத்தில் குறிக்காதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நம்பகமான வரிசை வேண்டும். நான் எப்போதும் எடுத்துக்கொள்வது அணைவு எண் எட்டுக்கான 3+ ஆரங்கள். பிகோமீட்டரில் அவை: லாந்தனம் 116.0, சீரியம் 114.3, பிரசியோடைமியம் 112.6, நியோடைமியம் 110.9, புரோமித்தியம் 109.3, சமாரியம் 107.9, யூரோப்பியம் 106.6, கடோலினியம் 105.3, டெர்பியம் 104.0, டிஸ்புரோசியம் 102.7, ஹோல்மியம் 101.5, எர்பியம் 100.4, தூலியம் 99.4, இட்டெர்பியம் 98.5, லுட்டீசியம் 97.7. இதைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஆரங்கள் எல்லாமே பிகோமீட்டரில்தான்.

அறிகுறி: ஒரு புத்தகத்தில் 106, இன்னொன்றில் 103, வேறோர் இடத்தில் 117

மூன்றும் லாந்தனம் 3+ அயனிக்குத்தான். மூன்றும் அச்சுப்பிழை அல்ல. 106இல் தொடங்கி 85 அளவில் முடியும் வரிசை, டெம்பிள்டன், டாபென் ஆகிய இருவரும் 1954இல் ஆக்சைடு படிகங்களிலிருந்து கணக்கிட்டது. பள்ளி, கல்லூரிப் பாடநூல்கள் பலவற்றில் இன்றும் அதுதான் இருக்கிறது. 103.2இல் தொடங்கி 86.1இல் முடிவது ஷானனின் அணைவு எண் ஆறுக்கான வரிசை. முதலாவதில் மொத்தக் குறைவு 21.3, இரண்டாவதில் 17.1. தேர்வில் மொத்தச் சுருக்கம் எவ்வளவு என்று கேட்டால் நீங்கள் எந்த வரிசையைப் படித்தீர்களோ அதையே முழுமையாக எழுதுங்கள். ஒன்றின் தொடக்கத்தையும் மற்றொன்றின் முடிவையும் சேர்த்தால் 106க்கும் 86க்கும் இடையே 20 என்று, எந்த அட்டவணையிலும் இல்லாத ஓர் எண் கிடைக்கும்.

117தான் ஆபத்தானது. ஷானனே ஒவ்வோர் அயனிக்கும் இரண்டு நெடுவரிசைகள் தந்திருக்கிறார். ஒன்று செயலுறு அயனி ஆரம். ஆக்சைடு அயனியின் ஆரத்தை 140 எனக் கொண்டது. மற்றொன்று படிக ஆரம். ஆக்சைடை 126 எனக் கொண்டது. ஆகவே ஒவ்வொரு நேர் அயனியின் படிக ஆரமும் செயலுறு ஆரத்தைவிடச் சரியாக 14 கூடுதல். லாந்தனத்தின் ஆறு அணைவுக்கான படிக ஆரம் 117.2, அதன் எட்டு அணைவுக்கான செயலுறு ஆரம் 116.0. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருப்பதால் கண் ஏமாந்துவிடும். இந்த இரண்டையும் கலந்து ஓர் அட்டவணை தயாரித்து, ஒரு மாலை முழுவதும் அதில் இல்லாத ஒழுங்கைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் ஆக்சைடின் எண்ணைப் பார்த்துவிடுவேன். அங்கே 140 இருந்தால் செயலுறு ஆரம். 126 இருந்தால் படிக ஆரம்.

அறிகுறி: யூரோப்பியத்திலும் இட்டெர்பியத்திலும் கோடு மலைபோல் எழும்புகிறது

முதலில் நெடுவரிசையின் தலைப்பைப் பாருங்கள். நீங்கள் எடுத்தது அயனி ஆரமா, உலோக ஆரமா? உலோக ஆரத்தில் இந்த இரு சிகரங்களும் உண்மையானவை. சமாரியம் 180, யூரோப்பியம் 204, கடோலினியம் 180 எனப் போகும். இட்டெர்பியம் 194; அதன் இருபுறமும் இருக்கும் தூலியமும் லுட்டீசியமும் 174 அளவில் நிற்கும். காரணம் அணுவுக்குள் இருக்கிறது. மற்ற லாந்தனைடுகள் உலோகமாக இருக்கும்போது ஓர் அணுவுக்கு மூன்று எலக்ட்ரான்களைப் பொதுப் பிணைப்புக்குத் தருகின்றன. யூரோப்பியம் பாதி நிரம்பிய ஏழு 4எஃப் எலக்ட்ரான்களையும், இட்டெர்பியம் முழுதும் நிரம்பிய பதினான்கையும் கலைக்காமல் வைத்துக்கொண்டு இரண்டை மட்டுமே தருகின்றன. பிணைப்பு தளர்கிறது, அணுக்கள் விலகி நிற்கின்றன. எனவே சிகரம் தெரிந்தால் வரைபடம் தவறல்ல, தலைப்புதான் தவறு. 'அயனி ஆரம்' என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு 'உலோக ஆரம்' என்று எழுதுங்கள்.

அயனி ஆரம்தான் என்று உறுதியாகத் தெரிந்தும் சிகரம் வருகிறதா? அப்படியானால் 2+ அயனியின் எண் நுழைந்திருக்கிறது. ஆறு அணைவில் யூரோப்பியம் 2+ 117, யூரோப்பியம் 3+ 94.7. ஓர் எலக்ட்ரான் வேறுபாடு 22 பிகோமீட்டரைக் கூட்டுகிறது. லாந்தனைடு குறுக்கம் முழுவதையும்விட அது அதிகம். இட்டெர்பியம் 2+ 102, இட்டெர்பியம் 3+ 86.8.

இந்தப் பிழையைத் திருத்திவிட்டு அப்படியே கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. இதே வேறுபாட்டை இயற்கை பாறைகளில் எழுதி வைத்திருக்கிறது. எட்டு அணைவில் யூரோப்பியம் 2+ 125, ஸ்ட்ரான்சியம் 2+ 126. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே மின்சுமை. ஆகவே பாறைக் குழம்பு உறையும்போது 2+ நிலையிலுள்ள யூரோப்பியம், தன் லாந்தனைடு உறவினர்களை விட்டுவிட்டு, ஸ்ட்ரான்சியமும் கால்சியமும் அமரும் பிளேஜியோகிளேஸ் கனிமத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த நிலாப் பாறைகளில், பிளேஜியோகிளேஸ் நிறைந்த மேட்டுநிலப் பாறைகளில் யூரோப்பியம் மிகுந்தும், கரும் சமவெளிகளின் எரிமலைப் பாறைகளில் குறைந்தும் காணப்படுவது இதனால்தான். லாந்தனைடுகளின் செறிவை ஆரத்துக்கு எதிராக வரையும்போது யூரோப்பியத்தில் மட்டும் பள்ளமோ மேடோ வந்தால், அதைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அறிகுறி: சீரியத்தில் கோடு திடீரென விழுகிறது

இது எளிது. 4+ எண்ணை எடுத்திருக்கிறீர்கள். ஆறு அணைவில் சீரியம் 3+ 101, சீரியம் 4+ 87. எட்டு அணைவில் 114.3, 97. சீரியம் ஆக்சைடு என்று பெயர் சொன்னவுடன் நினைவுக்கு வரும் வெளிர்மஞ்சள் தூளில் இருப்பது 4+ அயனி; அதன் ஆரத்தை 3+ வரிசையில் வைக்கக்கூடாது. ஆய்வகத்திலும் இதே தடம் உண்டு. சீரியம் 3+ கரைசலில் காரம் சேர்த்துக் கிடைத்த வெண்ணிற வீழ்படிவு காற்றுபட்டு மஞ்சளாக மாறினால், உங்கள் அயனி இப்போது சிறியதாகிவிட்டது என்று பொருள்.

அறிகுறி: கடோலினியத்துக்குப் பிறகு ஒரு படி தெரிகிறது, அதற்குப் பாதி நிரம்பிய நிலைத்தன்மையைக் காரணம் சொல்கிறேன்

அவசரப்படாதீர்கள். அணைவு எண் ஆறுக்கான ஆரங்களை எடுத்து அடுத்தடுத்த வேறுபாடுகளைக் கழித்துப் பாருங்கள்: 2.2, 2.0, 0.7, 1.3, 1.2, 1.1, 0.9, 1.5, 1.1 என்று ஏறி இறங்கும். கடோலினியத்திலிருந்து டெர்பியத்துக்கு 1.5 என்பது கண்ணில் படும். உடனே ஏழு எலக்ட்ரான் கதையை எழுதத் தோன்றும். ஆனால் சீரியத்திலிருந்து பிரசியோடைமியத்துக்கு 2.0, அடுத்ததற்கு 0.7 என்று இருப்பதற்கு என்ன கதை சொல்வீர்கள்? அந்த இரு தனிமங்களின் எண்கள் அந்த அட்டவணையில் ஓர் இலக்கம் குறைவாக, 101, 99 என்று முழு எண்ணாகத் தரப்பட்டிருக்கின்றன. தோராயத்தின் தடத்தை இயற்கையின் தடமாக வாசித்துவிடக்கூடாது.

இப்போது தாளில் எழுதி வைத்த எட்டு அணைவு வரிசையைக் கழியுங்கள்: 1.7, 1.7, 1.7, 1.6, 1.4, 1.3, 1.3, 1.3, 1.3, 1.2, 1.1, 1.0, 0.9, 0.8. எவ்வளவு மென்மையாக இறங்குகிறது பாருங்கள். கடோலினியத்தின் இருபுறமும் அதே 1.3. படி எதுவும் இல்லை. இதைவிட அழகான எண் வரிசை தனிம அட்டவணையில் வேறு எங்காவது இருக்கிறதா என்று நான் யோசித்ததுண்டு. முதல் அடி 1.7, கடைசி அடி 0.8, சுருக்கத்தின் வேகமே பாதியாகிறது. எல்லா அடிகளும் சமம் என்று எழுதுவதும் தவறு என்பதை இது காட்டுகிறது.

கடோலினியம் முறிவு என்று ஒன்றை நீங்கள் எங்கோ படித்திருந்தால், அது ஆரத்தில் தோன்றுவது அல்ல, நிலைப்புத்தன்மை மாறிலியில், அதாவது ஓர் அணைவு எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கிறது என்பதன் அளவில், தோன்றுவது. உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தின் அணைவுகளில் நிலைப்புத்தன்மை மாறிலியின் மடக்கை லாந்தனத்துக்கு 15.5, லுட்டீசியத்துக்கு 19.8. நடுவே யூரோப்பியத்துக்கு 17.35, கடோலினியத்துக்கு 17.37. ஏறிவந்த வரிசை அந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறது. நீரில் லேசான லாந்தனைடுகளை ஒன்பது நீர் மூலக்கூறுகளும் கனமானவற்றை எட்டும் சூழ்கின்றன. அந்த மாற்றம் வரிசையின் நடுப்பகுதியில்தான் நடக்கிறது. ஆரத்தைக் குறை சொல்வதற்கு முன் அணைவு எண்ணைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அறிகுறி: எண்கள் சரி, ஆனால் காரணம் எழுதும்போது விடை தனக்குத்தானே முரண்படுகிறது

'எலக்ட்ரான்கள் கூடுகின்றன, ஆகவே சுருங்குகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் தடுமாறுவோர் நிறையப் பேர். எலக்ட்ரான் கூடினால் பெருக்க அல்லவா வேண்டும்?

அயனியின் வெளி எல்லை எது என்று கேட்டால் முடிச்சு அவிழும். லாந்தனைடு 3+ அயனியின் வெளிச்சுவர் 5எஸ், 5பி எலக்ட்ரான்கள். 4எஃப் எலக்ட்ரான்கள் அந்தச் சுவருக்கு உள்ளே சேர்கின்றன. சுவரை வெளியே தள்ளுவதில்லை. ஒவ்வோர் அடியிலும் அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுகிறது, உள்ளே ஒரு 4எஃப் எலக்ட்ரான் கூடுகிறது. அந்த எலக்ட்ரான் ஒரு புரோட்டானின் ஈர்ப்பை முழுவதுமாக மறைத்திருந்தால் சுவர் அசையாது. 4எஃப் ஆர்பிட்டால் பல இதழ்களாக விரிந்து கிடப்பதால் திரைமறைப்பு அரைகுறையாகவே நிகழ்கிறது. செயலுறு அணுக்கரு மின்சுமை ஒவ்வோர் அடியிலும் சற்றே உயர்கிறது. 5எஸ், 5பி சுவர் சற்றே உள்ளே இழுக்கப்படுகிறது. கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் மிக வேகமாக இயங்குவதால் ஏற்படும் சார்பியல் விளைவும் இதில் ஒரு சிறு பங்கு வகிக்கிறது.

'சற்றே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஓர் அடிக்கு ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சோடியம் 1+ அயனியிலிருந்து மக்னீசியம் 2+ அயனிக்குப் போகும் ஒரே அடியில் 102 என்பது 72 ஆகிறது. லாந்தனைடு அடி சிறியது. பதினான்கு அடிகள் தொடர்ந்து ஒரே திசையில் விழுவதுதான் இதன் பலம்.

அறிகுறி: இட்ரியம் இடம் மாறி நிற்கிறது, சிர்கோனியமும் ஹாஃப்னியமும் ஒன்றாகத் தெரிகின்றன

இரண்டுக்கும் ஒரே கணக்கு. இட்ரியத்திலிருந்து கீழே லாந்தனத்துக்கு இறங்கினால் ஓர் எலக்ட்ரான் கூடு கூடுவதால் ஆரம் 90.0இலிருந்து 103.2 ஆகிறது, 13.2 கூடுதல். பிறகு பக்கவாட்டில் நடந்தால் அந்த 13.2 கரைந்துகொண்டே போய், ஹோல்மியத்தில் 90.1 ஆகிறது, எர்பியத்தில் 89.0. ஆறு அணைவில் இட்ரியம் இந்த இரண்டுக்கும் நடுவே. எட்டு அணைவில் அதன் ஆரம் 101.9, அதாவது டிஸ்புரோசியத்துக்கும் ஹோல்மியத்துக்கும் நடுவே. உங்கள் தாளில் ஓரிடமும் நண்பர் தாளில் வேறிடமும் வந்தால் இருவரும் சரி. அணைவு எண்தான் வேறு.

லாந்தனைடுகளைக் கடந்து அடுத்த கட்டத்துக்குள் நுழையும்போது கூட்டின் ஆதாயம் முழுவதும் செலவாகியிருக்கும். டைட்டானியம் 4+ 60.5, சிர்கோனியம் 4+ 72, ஹாஃப்னியம் 4+ 71. நியோபியம் 5+, டான்டலம் 5+ இரண்டுமே 64. ஹாஃப்னியம் சிர்கோனியத்துக்குள் ஒளிந்திருந்ததை 1923 வரை யாரும் உறுதியாகப் பிரித்தறியவில்லை. கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் எக்ஸ்-கதிர் நிறமாலையைக் கொண்டு சிர்கான் கனிமத்துக்குள் அதைக் கண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தச் சுருக்கத்துக்கு லாந்தனைடு குறுக்கம் என்று பெயரிட்டவர் புவிவேதியியலர் கோல்ட்ஷ்மிட்.

ஒரே அளவு என்பதால் அடர்த்தியும் ஒன்றாக இருக்கும் என்று எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். அளவு ஒன்று, எடை இரு மடங்கு. சிர்கோனியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.5 கிராம்; ஹாஃப்னியத்துக்கு 13.3.

அறிகுறி: அயனிப் பரிமாற்றக் குழாயில் பெரிய அயனி முதலில் வரும் என்று எதிர்பார்த்தேன், லுட்டீசியம் முதலில் இறங்கியது

குழாயில் பழுதில்லை. நீங்கள் படிகத்தில் இருக்கும் அயனியின் ஆரத்தை வைத்துச் சிந்திக்கிறீர்கள். கரைசலில் வெறும் அயனி கிடையாது. சிறிய லுட்டீசியத்தின் மின்சுமை குறுகிய இடத்தில் செறிந்திருப்பதால் அது நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துத் தன்னைச் சுற்றித் தடித்த போர்வையாக்கிக்கொள்கிறது. நீரேறிய நிலையில் லுட்டீசியமே பெரியது, லாந்தனமே சிறியது. எனவே குழாயில் நிரப்பிய பிசின் லாந்தனத்தைத்தான் இறுகப் பற்றும். அதோடு சிட்ரேட் அல்லது ஈ.டி.டி.ஏ. ஊற்றும்போது அந்தக் காரணி லுட்டீசியத்தை வலுவாகப் பிடித்துக் கரைசலுக்குள் இழுக்கிறது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன: லுட்டீசியம் முதலில், லாந்தனம் கடைசியில். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஸ்பெடிங் குழுவினர் கிலோக் கணக்கில் தூய லாந்தனைடுகளைப் பிரித்தது இந்தச் சிறு வேறுபாட்டை நீண்ட குழாய்களில் ஆயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழச் செய்துதான்.

ஹைட்ராக்சைடு வீழ்படிவிலும் இதே தர்க்கம். காரத்தன்மை லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் நோக்கிக் குறைகிறது. பி.எச். மெல்ல உயரும்போது லுட்டீசியம் முன்னதாகப் படியும், லாந்தனம் கடைசியில் படியும். தலைகீழாகத் தெரிந்தால் சீரியம் 4+ ஆகிவிட்டதா என்று பாருங்கள். அது வரிசையை மீறி எல்லோருக்கும் முன்பே படிந்துவிடும்.

லாந்தனம் ஆக்சைடைத் துல்லியமாக எடைபோட முடியவில்லை, எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் அது தராசின் பிழை அல்ல. பெரிய அயனி, வலிய காரம். காற்றிலிருந்து நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சுகிறது. பயன்படுத்துவதற்கு முன் உயர்வெப்பத்தில் சுட்டு, ஈரம் புகாத கலனில் ஆறவிட்டு, உடனே எடைபோடுங்கள்.

அறிகுறி: மோனசைட் கனிமத்தில் எல்லா லாந்தனைடுகளும் இருக்கும் என்றார்கள், டிஸ்புரோசியம் ஏன் அகப்படவில்லை

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் ஊற்றைத் தேடி வந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கடற்கரை மணலைக் கையில் அள்ளினால், லாந்தனைடு குறுக்கம் ஏற்கெனவே செய்து முடித்த ஒரு பிரித்தெடுப்பு உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

மோனசைட் ஒரு பாஸ்பேட். அதில் ஒவ்வொரு லாந்தனைடு அயனியையும் ஒன்பது ஆக்சிஜன்கள் சூழ்கின்றன. அந்த அறை பெரியது. லாந்தனம், சீரியம், நியோடைமியம் போன்ற பெரிய அயனிகள் அதில் பொருந்துகின்றன; தோரியமும் உடன் வந்து அமர்கிறது. அயனி சுருங்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ஒன்பது ஆக்சிஜன்கள் அதைச் சுற்றி நிற்க இடம் போதாது. அப்போது பாஸ்பேட் தன் கட்டமைப்பையே மாற்றி, எட்டு ஆக்சிஜன்கள் சூழும் செனோடைம் ஆகிறது. தனித்தனியே பாஸ்பேட்டுகளைத் தயாரித்துப் பார்த்தால், லாந்தனம் முதல் கடோலினியம் வரை மோனசைட் வடிவம். டெர்பியம் முதல் லுட்டீசியம் வரை செனோடைம் வடிவம். எல்லையில் நிற்கும் டெர்பியம் தயாரிக்கும் முறையைப் பொறுத்து இரண்டு வடிவிலும் கிடைக்கும்.

ஆகவே மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் நியோடைமியமும் மிகுந்திருக்கும், டிஸ்புரோசியம் சொற்பமே. பகுப்பாய்வில் அது வராவிட்டால் உங்கள் முறையைச் சந்தேகிப்பதற்கு முன் கனிமத்தின் பெயரைப் பாருங்கள். டிஸ்புரோசியம் வேண்டுமென்றால் செனோடைமைத் தேட வேண்டும். செனோடைமின் முதன்மைத் தனிமமோ லாந்தனைடே அல்ல. 4எஃப் எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாத இட்ரியம். எட்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே அதன் ஆரம் 101.9, டிஸ்புரோசியத்தின் ஆரம் 102.7.